லீசு காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கும் ஒடுக்குக்கும் யார் பொறுப்பு? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டையில் தோல் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவைக் கவனித்துக்கொள்பவன் நான். மேலாளர்களுக்காக லீசில் எடுக்கும் கார்கள் வருவதும் போவதும் என் கையெழுத்தில்தான். இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட கார்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்; முதல் மூன்று நான்கில் நன்றாகவே ஏமாந்திருக்கிறேன். அந்த அனுபவம் ஊரில் பரவிவிட்டதால் சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் நண்பர்களும், நண்பர்களின் மைத்துனர்களும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அழைப்பது பெரும்பாலும் காரை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் இரவு. அந்த நேரத்தில் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருப்பதில்லை. அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

லீசு என்றால் வீட்டு லீசு போலத்தானே? கடைசியில் பணம் திரும்ப வராதா?

வராது. நம் ஊரில் வீட்டை லீசுக்கு எடுப்பது என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும் அன்று முழுப் பணத்தையும் எண்ணி வாங்கிக்கொள்வது. கார் லீசு அந்தக் கணக்கில் வராது. மாதாமாதம் நீங்கள் கட்டுவது வாடகை, அது திரும்பாது. தொடக்கத்தில் டெபாசிட் வாங்கியிருந்தால் அது தனி. கார் லீசு நிறுவனத்தின் சொத்து. மூன்று, நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மாத வாடகையைத் தீர்மானிக்கும்போதே, கெடு முடியும் நாளில் இந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்று நிறுவனம் கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்த விலையைக் குறைக்கிற எதுவாக இருந்தாலும் அதை உங்கள் தலையில் கட்டத்தான் பார்க்கும். கீறல், ஒடுக்கு, ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் கூடுதலாக ஓடிய கிலோமீட்டர், காணாமல் போன இரண்டாவது சாவி எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை.

தேய்மானம் எது, சேதம் எது?

ஒப்பந்தத்தில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்று ஒரு வரி இருக்கும். மொத்தச் சண்டையும் அந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது. சட்டப்படி லீசில் எடுத்த கார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் வைக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151. கோயில் தேரைப் போல மூடிவைத்துக் காக்கச் சொல்லவில்லை.

வாலாஜா சுங்கச்சாவடிக்கும் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கும் இடையே தினமும் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போகிற காரின் முகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழாமல் இருக்காது. பானெட்டின் முன் விளிம்பிலும் பம்பரிலும் இருக்கும் அந்தப் புள்ளிகளைத் தேய்மானம் என்றே ஒவ்வொரு முறையும் வாதிடுகிறேன்; பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அதே கல் முன்கண்ணாடியில் பட்டு விரிசல் ஓடியிருந்தால் அது சேதம். கத்திரி வெயிலில் வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக் தேய்மானம். சீட்டில் ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் கசிந்து காய்ந்த எண்ணெய்க் கறை சேதம், மன்னிப்பே கிடையாது.

கீறலுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால், மேலே உள்ள பளபளப்புப் பூச்சோடு நின்றுவிட்ட கீறல். ரப்பிங் பாலிஷில் மறைந்துவிடும். நகம் தடுக்கினால் பெயின்ட் வரை இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பெயின்டுக்கு அடியில் இருக்கும் பிரைமர் வரைக்கும் போயிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதற்கும் பெயின்ட் அடிக்கப் பணம் கேட்பார்கள். ஆய்வுக்கு வருபவரும் இதையேதான் செய்வார், நகத்துக்குப் பதில் விலையுயர்ந்த விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு.

டயரின் மேற்பரப்பில் உள்ள பட்டன் தேய்வது இயல்பு. ஆனால் பட்டன்களுக்கு இடையிலான பள்ளத்துக்கு, காரில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். டயரின் பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடு வைத்திருப்பார்கள். மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினீர்கள் என்று சொல்லிப் பணம் கேட்பார்கள். இதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்திருக்க வேண்டும்?

திருப்பிக் கொடுக்கும் சண்டையில் வெல்வதும் தோற்பதும் இந்த நாளில்தான் முடிவாகிறது. புதுக் கார் என்றால் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைப்பதிலேயே எல்லோருக்கும் கவனம் இருக்கும். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்து, நான்கு கதவு, பானெட், டிக்கி, கூரை, நான்கு வீல், முன்கண்ணாடி, சீட்டுகள், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் தொடர்ச்சியாக ஒரே காணொளியாக எடுங்கள். அதை அன்றே மின்னஞ்சலில் லீசு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். செல்போனிலேயே வைத்திருந்தால் நான்கு ஆண்டுகளில் அந்தச் செல்போன் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதைச் செய்யத் தவறியவர்கள் இன்றைக்காவது செய்யலாம். பாதியில் எடுத்த காணொளிக்கும் மதிப்பு உண்டு. குறைந்தபட்சம் அதற்குப் பிறகு வந்தது எது என்பதாவது தெரியும்.

ஒப்படைப்பதற்கு முன் நானே டிங்கரிங் செய்துவிடலாமா?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை இது. நானும் செய்து பார்த்தேன். காட்பாடி ரயில்வே மேம்பால நெரிசலில் ஓர் ஆட்டோ எங்கள் வெள்ளைக் காரின் பின்கதவில் உரசிவிட்டது. ஷெட் ஒன்றில் ஒடுக்கு எடுத்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்து 3,500 ரூபாயில் முடித்துக்கொடுத்தார்கள். மாலையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வெண்ணெய் தடவியது போல இருந்தது. "அண்ணா, கம்பெனிக்காரனே கண்டுபிடிக்க மாட்டான்" என்றார் ஷெட்டுக்காரர்.

கம்பெனிக்காரர் கண்டுபிடிக்கத் தேவையே இருக்கவில்லை. தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைக் கதவுகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். பெயின்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் காட்டும் கருவி அது. மற்ற கதவுகளில் நூறு, நூற்றிருபது என்று காட்டிக்கொண்டிருந்தது, பின்கதவில் அறுநூறைத் தாண்டியது. உள்ளே பட்டி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பிறகு காரை வெயிலில் நிறுத்தினோம். கதவு ஒரு வெள்ளை, பக்கத்துப் பகுதி வேறொரு வெள்ளை. "அறிவிக்கப்படாத விபத்துப் பழுது" என்று படிவத்தில் எழுதினார். சாதாரண ஒடுக்காகவே விட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிட அதிகமாகக் கொடுத்தோம். ஷெட்டுக்குக் கொடுத்த 3,500 தனி.

ஆகவே பேனல் வேலையை ரகசியமாகச் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால், லீசு நிறுவனத்துக்கு எழுதி, அவர்கள் ஒப்புக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் செய்து, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பிங் பாலிஷ், சீட் சுத்தம், எரியாத பல்பு, கிழிந்த வைப்பர், காணாமல் போன வீல் கப் போன்றவற்றை யாரையும் கேட்காமல் நீங்களே சரிசெய்யலாம். இவற்றுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் படிவத்தில் ஒரு வரியைக் குறைக்கும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, கடைசியில் மொத்தமாக க்ளெய்ம் செய்தால் போதாதா?

போதாது. க்ளெய்ம் என்பது சம்பவத்துக்கு ஒன்று. இடது கதவில் பைக் உரசியது ஒரு சம்பவம். பின்பம்பர் தூணில் இடித்தது இன்னொரு சம்பவம். மூன்று ஆண்டுச் சேதங்களை ஒரே விபத்து என்று எழுதிக் கொடுப்பது பொய் க்ளெய்ம். இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர்கள் துருவையும் அழுக்கையும் வைத்தே எது பழையது, எது புதியது என்று சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயமாக உங்கள் பங்கு ஒன்று உண்டு: 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். அதோடு தேய்மானக் கழிவு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை, இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடிக்கொண்டே போகும். பம்பர் பிளாஸ்டிக். அது 12,000 ரூபாய் என்றால் 6,000 கழிவு, 1,000 கட்டாயப் பங்கு, ஆக 7,000 உங்கள் பையிலிருந்து போகும். தேய்மானக் கழிவில்லாத பாலிசி எடுத்திருந்தால் அந்த 6,000 மிஞ்சும். லீசு காருக்கு எந்தப் பாலிசி எடுத்திருக்கிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வைப்பது இதனால்தான்.

பாலிசி பெரும்பாலும் லீசு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் க்ளெய்மும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். இடித்த அன்றே படம் எடுத்து, இடம், நேரம் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். கடைசி மாதம் வரை தள்ளிப்போடுவதில் இரண்டு நஷ்டம்: க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம், அது மறைக்கப்பட்ட சேதம் என்றும் ஆகிவிடும்.

ஏலகிரியில் குரங்கு ஏறிக் கீறிவிட்டது. அதற்கும் நான்தான் பணம் கட்ட வேண்டுமா?

ஆம். சோளிங்கர் மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்தாலும் இதே பதில்தான். யார் கீறினாலும் அந்த நேரத்தில் கார் உங்கள் பொறுப்பில் இருந்தது. வைப்பரைப் பிடுங்கி, கண்ணாடியையும் உடைத்திருந்தால் க்ளெய்ம் செய்யலாம். வெறும் நகக்கீறல் என்றால் பாலிஷ் செலவு க்ளெய்மைவிடக் குறைவு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த களைப்பில் வாழைப்பழத் தாரைப் பின்சீட்டில் தெரியும்படி விட்டுவிட்டுப் போவதை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை.

மழைநீரில் நின்ற கார்?

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இந்தக் கேள்வி வாராவாரம் வந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முயன்று, அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்துக்குப் பாலிசி உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்ட எஞ்சினுக்கு, தனியாக எஞ்சின் காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய, பணம் கிடைப்பது கடினம். டோ செய்து கொண்டுபோங்கள்.

ஒப்படைக்கும் நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆய்வுக்கு வருபவரைக் காலையில் வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்குமேல் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "விவரம் பிறகு அனுப்புகிறோம்" என்று காரை எடுத்துச் செல்வார்கள். பத்து நாள் கழித்து வரும் பட்டியலில் நீங்கள் பார்த்தேயிராத கீறல்கள் இருக்கும். எங்கள் இரண்டாவது காரில் இப்படித்தான் நடந்தது. டிரைவர் அந்தக் காரை வேலூரிலிருந்து சென்னை யார்டுக்கு ஓட்டிச் சென்ற வழியில் விழுந்த கீறலா, எங்களுடையதா என்பது இன்றுவரை தெரியவில்லை. பணம் நாங்கள்தான் கட்டினோம்.

ஆகவே ஆய்வு உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். நடந்து முடிந்ததும் இன்னொரு காணொளி. படிவத்தில் வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு மூடிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒப்புக்கொள்ளாத வரிக்குப் பக்கத்தில் "ஏற்கவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்படி எழுத இடமில்லை என்று வருபவர் சொல்வார். ஓரத்தில் எழுதலாம், காகிதத்துக்கு ஓரம் இருக்கிறது. செல்போன் திரையில் கையெழுத்து வாங்கினால், அன்றே மின்னஞ்சலில் அதே வார்த்தைகளை அனுப்பிவிடுங்கள்.

இரண்டு சாவி, ஆர்.சி., ஸ்டெப்னி, ஜாக், டூல் பை, சர்வீஸ் புத்தகம் எல்லாம் கைமாறியதாக எழுதி வாங்குங்கள். ஃபாஸ்டாக் உங்கள் கணக்கில் இருந்தால் அன்றே முடக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் போகும் சுங்கச்சாவடிகளுக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். காரின் ஸ்டீரியோவில் ஏறியிருக்கும் உங்கள் தொலைபேசி எண்களை அழிக்க மறக்கிறவர்கள் மிகவும் அதிகம்.

பில் வந்துவிட்டது, தொகை அதிகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் தொலைபேசியில் கத்தாதீர்கள். எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் படம், ஒவ்வொரு பாகத்துக்கும் எஸ்டிமேட், வேலை செய்திருந்தால் அதன் பில். இதைக் கேட்ட உடனேயே சில வரிகள் தானாகக் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மாற்றியதா, பழுது பார்த்ததா என்று பாருங்கள். உள்ளங்கை அளவு ஒடுக்குக்கு முழுக் கதவையே மாற்றியதாகக் கணக்குக் காட்டுவது வழக்கமான உத்தி. அதே சேதத்தின் படத்தை ராணிப்பேட்டையிலோ வேலூரிலோ அதே பிராண்டின் சர்வீஸ் சென்டரில் காட்டி எஸ்டிமேட் வாங்கி, பதிலோடு இணையுங்கள். நான்கு ஆண்டு ஓடிய டயருக்குப் புது டயரின் முழு விலையைக் கேட்டால், மிச்சமிருந்த ஆயுளுக்கு மட்டுமே நஷ்டம் என்று எழுதுங்கள். இன்சூரன்ஸில் ஏற்கனவே பணம் வாங்கிய சேதத்துக்கு உங்களிடமும் கேட்கிறார்களா என்பதையும் சரிபாருங்கள். எங்களிடம் ஒரு முறை கேட்டார்கள்.

ஒப்பந்தத்தில் "கீறல் ஒன்றுக்கு இத்தனை ரூபாய்" என்று முன்கூட்டியே எழுதியிருந்தால்? ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இங்கே உதவும். எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது அதன் சாரம். இழப்பீட்டின் மேல் ஜிஎஸ்டியும் சேர்த்திருந்தால், ஒப்பந்த மீறலுக்கான வெறும் இழப்பீடு சேவைக்கான விலை ஆகாது என்று 2022 ஆகஸ்டில் வந்த 178ஆம் எண் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேளுங்கள்.

உண்மையிலேயே நீங்கள் செய்த சேதத்தைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஏழு வரியில் மூன்றை முதல் பதிலிலேயே ஏற்றுக்கொண்டவரின் மற்ற நான்கு ஆட்சேபங்களுக்கும் எதிர்ப்பக்கம் செவி சாய்க்கிறது. ஏழையும் மறுப்பவரின் கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

தொடக்கத்தில் வாங்கிய டெபாசிட்டைத் தராமல் இழுத்தடித்தால்?

உங்கள் சொந்த உபயோகத்துக்கு, உங்கள் பெயரில் எடுத்த லீசு என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

லீசு உங்கள் கம்பெனியின் பெயரில் இருந்தால் இந்த வழி கடினம். வணிக நோக்கத்துக்காக எடுத்தது என்று எதிர்ப்பக்கம் வாதிடும். அங்கே உங்கள் நிர்வாகப் பிரிவுதான் சண்டை போட வேண்டும். நிர்வாகப் பிரிவில் இருப்பவருக்கு அதில் அக்கறை வருவது, நீங்கள் படங்களையும் தேதிகளையும் ஒழுங்காகக் கொடுத்தால்தான். என் அனுபவம் சொல்கிறது.

ஒரு வாரத்துக்கு மட்டும் செல்ஃப் டிரைவ் எடுத்தாலும் இதே கதைதானா?

காணொளி, படிவம், பில் விஷயத்தில் இதே கதைதான். கூடுதலாக ஒன்று. சிஎம்சிக்குச் சிகிச்சைக்கு வரும் உறவினருக்காகவும், ஸ்ரீபுரம், திருவண்ணாமலை போய்வரவும் கார் தேடும்போது நம்பர் பலகையைப் பாருங்கள். முறைப்படி வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. தெரிந்தவர் தன் சொந்தக் காரை வெள்ளைப் பலகையோடு நாள் வாடகைக்குக் கொடுத்தால் மலிவாக இருக்கும். ஆனால் தனியார் காரின் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. கிரீன் சர்க்கிளில் சின்னதாக ஒரு மோதல் நடந்தாலும் முழுச் செலவும் உங்களுடையது. ஆள் அடிபட்டால் விவகாரம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை தொல்லைக்கு அந்தக் காரையே வாங்கிக்கொண்டால் என்ன?

பல ஒப்பந்தங்களில் அந்த வழி இருக்கிறது. கெடு முடியும் நாளுக்கென்று நிறுவனம் முதலிலேயே போட்டு வைத்த விலையைக் கட்டினால் கார் உங்களுடையது. சேதப் பட்டியலும் பெரும்பாலும் அத்தோடு போய்விடும். அதே மாடல், அதே வருடக் கார் நம் ஊர்ப் பழைய கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு, அதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்கள். கார் கர்நாடகாவில் பதிவாகியிருந்தால் அங்கிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்றும், இங்கே சாலை வரியும் வேண்டும். வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில நேரம் லாபம் கரைந்துவிடும்.

எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் போன ஆண்டு அப்படி ஒன்றை வாங்கினார். சேதப் பட்டியலில் ஒன்பது வரி இருந்தது. வாங்கிய மறுவாரமே சோளிங்கருக்குக் குடும்பத்தோடு போய்வந்தார். இப்போது பத்து இருக்கும்.